விண்டோஸை விட்டு மாறத் தயக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் கணினி வைத்திருப்பவர்கள் இயங்குதளம் மாற்றுவது பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் நிற்பவன். தெரிந்தவர்களுக்கு நிறுவிக் கொடுத்தும் வருகிறேன். ஆனாலும் தயங்குகிறவர்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை நியாயமானவை என்றே நினைக்கிறேன். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் 'மாறுங்கள், மாறுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருப்பதில் யாருக்கும் பயனில்லை.

இந்தப் பேச்சு இப்போது ஏன் இவ்வளவு அடிபடுகிறது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கணினி வழக்கம்போல் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் முன்போல் தானாக வந்து சேராது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். செயலி இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல் இருக்க வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இதில் தேறாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி அவை, அதுதான் வருத்தம்.

தனிப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டாலோ, அவர்களுடைய வெகுமதிப் புள்ளிகள் ஆயிரத்தைக் கொடுத்தாலோ, 30 டாலர் கட்டினாலோ அது கிடைக்கும். தள்ளிப்போடத்தான் அது உதவும், முடிவெடுக்க உதவாது. நான் பார்த்தவரை பலரும் எதுவுமே செய்யாமல் அப்படியே ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டுகிறவர்களை முதலில் கைவிடுவது பெரும்பாலும் உலாவிதான். விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023 பிப்ரவரியோடு நின்றன. அதன் பிறகுதான் பலர் அந்தக் கணினிகளைக் கைகழுவினார்கள்.

லினக்ஸ் இலவசம்தானே? பிறகு ஏன் எல்லோரும் வந்துவிடவில்லை?

நம் ஊரில் விண்டோஸின் விலை யாரையும் உறுத்தியதில்லை. லேப்டாப் வாங்கும்போது அது உள்ளேயே வந்துவிடுகிறது. பில்லில் அதன் விலை தனியாகத் தெரியாது. மலிவாக வேண்டுமென்று விண்டோஸ் இல்லாமல் வரும் 'டாஸ் லேப்டாப்' வாங்கியவர்களுக்கும், அசெம்பிள் செய்து வாங்கியவர்களுக்கும், ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ உரிமமில்லாத விண்டோஸைப் போட்டுத் தரும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், ஆபீஸ் எல்லாம் அதே பென் டிரைவிலேயே வந்துவிடும். கையிலிருந்து காசு எதுவும் போகாத ஒருவரிடம் 'இது இலவசம்' என்று சொன்னால் 'அதுவும் இலவசம்தானே' என்பார்.

அவர் கணக்கில் செலவாகத் தெரிவது நேரம். முகூர்த்த மாதத்தில் ஒரு டிடிபி கடைக்காரருக்கு ஒருநாள் வேலை நின்றால் பத்திரிகை அடிக்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இந்த இடத்தில் லினக்ஸ் உண்மையாகவே செலவுள்ள பொருள். அதனால் 'இலவசம்' என்று பேச்சைத் தொடங்குவதை நான் விட்டுவிட்டேன். கணினியில் திருட்டு மென்பொருள் ஒன்றும் இல்லாமல் சுத்தமாக இருக்கலாம், பழைய இயந்திரம் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும், வேலைக்கு நடுவே தானாக மறுதொடக்கம் ஆகித் தொல்லை தராது. இந்த மூன்றைத்தான் சொல்கிறேன்.

தயக்கத்துக்கு உண்மைக் காரணம் சோம்பல்தானே?

இல்லை. இப்படிச் சொல்லித்தான் லினக்ஸ்காரர்கள் பலரை விரட்டியிருக்கிறார்கள்.

கையில் இருப்பதையே தொடர விரும்புவது எல்லா மனிதர்களிடமும் உள்ள இயல்பு. 1988-இல் சாமுவெல்சன், செக்ஹவுசர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். தேர்வுகளில் ஒன்றை 'இப்போது உங்களிடம் இருப்பது இது' என்று குறிப்பிட்டுவிட்டாலே அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடிவிடுகிறார்கள் என்று காட்டினார்கள். அதற்கு முன்பே, 1979-இல், கானெமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் வேறொன்றைச் சொல்லியிருந்தார்கள்: ஒரு பொருளைப் பெறுவதில் வரும் மகிழ்ச்சியைவிட, அதே அளவு இழப்பதில் வரும் வலி அதிகம். இயங்குதளத்துக்கு இது அப்படியே பொருந்தும். மாறினால் கிடைக்கப்போகும் வேகமும் பாதுகாப்பும் கண்ணுக்குத் தெரியாது. இழக்கப்போவது ஒவ்வொன்றும் பெயரோடு தெரியும்: இந்தப் பிரிண்டர், அந்த எக்செல் கோப்பு, பத்து வருடமாகக் கை பழகிய அந்தக் குறுக்குவிசை.

தயக்கம் தனிமனிதர்களோடு நிற்பதும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி முடிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில், ஏடிஎம் இயந்திரங்களில் ஆதரவற்ற இயங்குதளங்களை மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது; முழுவதும் மாற்றி முடிக்க 2019 ஜூன் வரை கெடு கொடுத்தது. பணமும் ஆளும் உள்ள வங்கிகளே இவ்வளவு இழுத்தன என்றால், வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விண்டோஸுக்குள்ளேயே மாறுவதற்கும் மக்கள் முரண்டு பிடித்திருக்கிறார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு தாங்காமல் அடுத்த ஆண்டே 8.1-இல் திரும்ப வைத்தார்கள்.

கைப்பேசியில் மட்டும் யாரும் தயங்கவில்லையே? நோக்கியாவிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு எல்லோரும் மாறினோமே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நோக்கியா போன்களில் இருந்த சிம்பியன் இயங்குதளத்திலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறியது ஒரு விதத்தில் பெரிய தாவல். விசைகள் போய்த் தொடுதிரை வந்தது, எல்லாமே புதிது. ஆண்ட்ராய்டின் உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கருதான். இருந்தும் பாட்டிகூட மாறினார்.

புதுப் பொருளாக வாங்கினோம். இயங்குதளம் அதில் தயாராக இருந்தது, யாரும் எதையும் நிறுவவில்லை. பழைய போனில் காப்பாற்ற வேண்டிய வேலைக் கோப்பு எதுவும் இல்லை, தொடர்பு எண்கள் மட்டும்தான். அதைவிட முக்கியமாக, வீட்டில், பேருந்தில், அலுவலகத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் மாறினார்கள். ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேட்கலாம். கணினியில் இந்த மூன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மேல் கைவைக்க வேண்டும், பத்து வருடக் கோப்புகள் அதில் கிடக்கின்றன, தெருவில் நீங்கள் மட்டும் தனியாக மாறப்போகிறீர்கள். தொழில்நுட்பம் மாறுவதை மக்கள் எதிர்க்கிறார்கள் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

ஏதாவது கெட்டுப்போனால் யார் பார்த்துத் தருவார்கள்?

மேலே சொன்ன தயக்கங்கள் எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். விண்டோஸ் கெட்டால் தெருமுனை சர்வீஸ் கடையில் சில நூறு ரூபாய்க்கு 'ஃபார்மட்' அடித்துத் தருவார்கள். சித்தப்பா பையன் வந்தாலும் ஏதாவது செய்துவிடுவான். லினக்ஸ் என்று சொன்னதும் அதே கடைக்காரர் 'இதையெல்லாம் ஏன் சார் போட்டீங்க' என்று கேட்டு, முதல் வேலையாக அதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தருவார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்தது அது, அதில் பிழைக்கிறார்.

எனவே மாறுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது: எனக்குத் தெரிந்தவர்களில் லினக்ஸ் ஓட்டுகிறவர் யார்? ஒருவர் போதும். கல்லூரி மாணவராக இருக்கலாம், மென்பொருள் வேலையில் இருக்கும் உறவினராக இருக்கலாம். அந்த ஒருவர் எந்தப் பதிப்பை ஓட்டுகிறாரோ அதையே நீங்களும் போடுங்கள். 'எது சிறந்த லினக்ஸ்' என்ற ஆராய்ச்சியைவிட இது பல மடங்கு பயன்தரும். யாருமே இல்லை என்றால், இணையத்தில் தேடிப் படித்துச் சரிசெய்யும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும். லினக்ஸின் பரவலான பதிப்புகளான உபுண்டு, மின்ட் இரண்டுக்கும் அனேகமாக எல்லாச் சிக்கலுக்கும் யாராவது ஏற்கெனவே பதில் எழுதியிருப்பார்கள். அந்தப் பொறுமையும் இல்லை, ஆளும் இல்லை என்றால், இப்போதைக்கு மாறாதீர்கள். மனதார இதைச் சொல்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? என் பழைய தமிழ்க் கோப்புகள் என்ன ஆகும்?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவது எளிது, இரண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

தட்டச்சுக்கு விண்டோஸில் நாம் பழகிய என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி எல்லாம் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. லினக்ஸில் அவற்றின் இடத்தில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும் அதனோடு சேரும் எம்17என் தொகுப்பும் இருக்கின்றன. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி முறை, இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை எல்லாம் அதில் உண்டு. ஓர் எச்சரிக்கை: விசைப்பலகைப் பட்டியலில் 'தமிழ்நெட் 99' என்று இன்னொன்றும் தெரியும். அது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற எளிய அமைப்பு. தமிழ்99-இன் அழகே அதன் தானியங்கிப் புள்ளிதான், 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று வருவது. அந்த எளிய அமைப்பால் இதைச் செய்ய முடியாது. பலர் தவறி அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'லினக்ஸில் தமிழ்99 ஒழுங்காக வேலை செய்யாது' என்று விட்டுவிடுகிறார்கள். எம்17என் என்ற பெயரோடு இருப்பதைப் பாருங்கள், பழகிய கை அப்படியே ஓடும்.

இப்போது கோப்புகள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் அடித்தவை எல்லாம் எந்த இயங்குதளத்திலும் அப்படியே திறக்கும். சிக்கல், பாமினி, வானவில், ஸ்ரீலிபி, செந்தமிழ் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்தவை. இவற்றில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். விண்டோஸை அழித்தபோது எழுத்துருவும் சேர்ந்து போய்விட, முப்பது வருடக் கவிதைகளையே இழந்துவிட்டதாகப் பதறியவர்கள் உண்டு. கோப்பு போகவில்லை, எழுத்துருதான் போயிருக்கிறது. உரிமமுள்ள உங்கள் எழுத்துருக் கோப்புகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு லினக்ஸில் போட்டால், எம்.எஸ். ஆபீஸுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸில் பெரும்பாலும் பழையபடி தெரியும்.

ஆனால் நிலையான தீர்வு, யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான். அதற்கான மாற்றிகள் பல இருக்கின்றன. 2010-இல் தமிழக அரசே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. நீங்கள் இயங்குதளம் மாறாவிட்டாலும் இந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிடுங்கள். சொந்த எழுத்து ஒரு கடைக்காரரின் எழுத்துருவுக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது. பேஜ்மேக்கரில் வடிவமைத்து வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். விண்டோஸிலேயே அதை ஓட்டிக்கொண்டிருப்பது ஒவ்வோர் ஆண்டும் கடினமாகிக்கொண்டு போகிறது.

வேர்டு, எக்செல் கோப்புகள் ஒழுங்காகத் திறக்குமா?

சாதாரணக் கடிதம், பட்டியல், கணக்குத்தாள் என்றால் லிப்ரே ஆபீஸில் திறக்கும். பக்க அமைப்பு கலைந்து தெரிவதற்கு முக்கியக் காரணம் எழுத்துரு இல்லாமைதான். கலிப்ரிக்குப் பதிலாக அதே அகல அளவுகள் கொண்ட கார்லிட்டோவும், கேம்ப்ரியாவுக்குப் பதிலாகக் கலடியாவும் இருக்கின்றன; அவற்றை நிறுவினால் பாதிக் குறை தீரும். ரிப்பன் பட்டை இல்லாமல் கை தடுமாறுகிறது என்றால், பார்வைப் பட்டியலில் பயனர் இடைமுகம் என்பதற்குள் போய்த் தாவல் (Tabbed) வடிவைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு மாற்றத்தோடு சமாதானம் ஆனவர்கள் பலர்.

மேக்ரோக்கள் என்ற தானியங்கிக் கட்டளைகள் நிறைந்த எக்செல் கோப்பில் தினசரி வேலை நடக்கிறது என்றால் கதை வேறு. சில ஓடும், சில ஓடாது. அந்தக் கோப்பை விண்டோஸில் லிப்ரே ஆபீஸ் நிறுவியே சோதித்துப் பார்க்கலாம். அதற்காக இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை.

கடையில் டாலி ஓடுகிறது. ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் இருக்கிறது.

டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்ட கணக்கு மென்பொருள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் ஒயின் என்ற இணக்க அடுக்கின் வழியாக லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வருமானம் தரும் கணக்கை அப்படி ஒரு ஏற்பாட்டின் மேல் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாலி ஓடும் கணினியை விண்டோஸிலேயே விடுங்கள், முடிந்தால் 11-இல். கையொப்பம் போடும் யுஎஸ்பி டோக்கன் அந்தக் கணினியிலேயே இருக்கட்டும். பில் தேடவும் மின்னஞ்சல் பார்க்கவும் வைத்திருக்கும் மற்ற கணினிகளை மாற்றலாம். முழுக் கடையும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று யார் சொன்னது?

பிரிண்டர்?

வாங்கிய மாடலைப் பொறுத்தது. எச்பி பிரிண்டர்களுக்கான ஓட்டிகள் (டிரைவர்கள்) உபுண்டு, மின்ட் இரண்டிலும் கூடவே வருகின்றன. வைஃபை வழியே அச்சிடும் புதிய மாடல்கள் பெரும்பாலும் ஓட்டியே இல்லாமல் வேலை செய்துவிடும். ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி 2900 போன்றவை தனக்கென ஒரு மொழி பேசுபவை. அவற்றை லினக்ஸில் பேசவைக்கத் தனியாக மெனக்கெட வேண்டும்.

கறுப்புத் திரையில் கட்டளை எழுதத் தெரிய வேண்டுமா?

அன்றாட வேலைக்கு வேண்டாம். மென்பொருள் நிறுவுவது, புதுப்பிப்பது, வைஃபை இணைப்பது எல்லாம் சுட்டியால் செய்யலாம். சிக்கல் வந்து உதவி தேடும்போது கட்டளை கண்ணில் படும். அதை ஒட்டி இயக்குவதற்கு முன் என்ன செய்யப்போகிறது என்று யாரையாவது கேளுங்கள்.

ஜெர்மனியில் ஒரு நகரமே லினக்ஸுக்குப் போய்த் திரும்பிவிட்டதாமே? தமிழ்நாட்டிலும் முயன்றார்களே?

மியூனிக் நகரத்தைச் சொல்கிறீர்கள். 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றினார்கள். வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான வேர்டு வார்ப்புருக்களையும் மேக்ரோக்களையும் ஒழுங்குபடுத்தவே பல ஆண்டுகள் பிடித்தன. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. ஊழியர்கள் குறை சொன்னது உண்மை. ஆனால் 2016-இல் ஆலோசகர்கள் தந்த அறிக்கை, நகராட்சியின் தகவல் தொழில்நுட்ப நிர்வாகம் துண்டு துண்டாக இருந்ததைத்தான் பெரிய சிக்கலாகச் சுட்டியது. அரசியல் தலைமை மாறியதும் சேர்ந்துகொண்டது. தோல்வி என்று ஒரே வார்த்தையில் முடிக்க என்னால் முடியவில்லை. வெற்றி என்றும் சொல்ல முடியாது.

அதே ஐரோப்பாவில் பிரான்சின் ஜாந்தார்மரி காவல் படை போன வழியைப் பாருங்கள். 2005-இல் லிப்ரே ஆபீஸின் முன்னோடியான ஓப்பன் ஆபீஸுக்கு மாறினார்கள், விண்டோஸ் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு உலாவியும் மின்னஞ்சலும் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு ஆயின. அப்புறம் 2008-இல்தான் உபுண்டு. எக்ஸ்பி-யிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் பயிற்சி தர வேண்டும், உபுண்டுக்குப் போனாலும் தர வேண்டும், அப்படியானால் ஏன் உபுண்டாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. கீழே இருக்கும் தளம் மாறியபோது காவலர்கள் அன்றாடம் தொடும் மென்பொருள்கள் ஏற்கெனவே பழகியவையாக இருந்தன. இன்று பல பத்தாயிரம் கணினிகள் அதில் ஓடுகின்றன, இதுவரை திரும்பவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2006-07 வாக்கில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தன் அலுவலகத்தை சூசே என்ற லினக்ஸ் பதிப்புக்கு மாற்றியது. அந்தக் காலத்துப் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்தில் எம்.எஸ். ஆபீஸுக்குப் பதில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இத்தனையும் கொடுத்தோம். ஆனால் மடிக்கணினியைத் திறந்த மாணவருக்கு இரண்டு கதவுகள் தெரிந்தன. ஒன்றைப் பற்றிச் சொல்லித்தர ஆசிரியர், கடைக்காரர், அண்ணன் என்று எல்லோரும் இருந்தார்கள், இன்னொன்றுக்கு யாரும் இல்லை. வேலை விளம்பரத்தில் 'எம்.எஸ். ஆபீஸ் தெரிந்திருக்க வேண்டும்' என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த மாணவர்கள் பாஸைத் திறந்தே பார்க்கவில்லை.

கேரளத்தில் வேறு மாதிரி நடந்தது. பள்ளிகளுக்கு லினக்ஸைக் கொடுத்ததோடு நிற்காமல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள், உபுண்டு அடிப்படையில் மலையாள எழுத்துருக்களும் பாட மென்பொருள்களும் சேர்த்துத் தங்களுக்கென ஒரு பதிப்பையே செய்தார்கள். கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் இன்றும் அதைப் பராமரிக்கிறது. நம்மிடமும் சி-டாக் இருந்தது, எல்காட் இருந்தது, பாடத்திட்டமும் இருந்தது. மூன்றையும் கோத்து ஆசிரியரிடம் கொண்டுசேர்க்க ஒருவரும் இல்லாமல் போனார்கள். இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

இத்தனை லினக்ஸ் இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆள் கிடைத்தால் அவர் ஓட்டுவதை. இல்லையென்றால் லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகியவர்களுக்கு அதன் முகம் அன்னியமாக இருக்காது, மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவும் உண்டு. நினைவகம் 4 ஜிபி-தான் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், அதில் கிடைக்கும் வேகம் எந்த இயங்குதளத்தாலும் கிடைக்காது.

மேக் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையா?

காசு இருந்தால் நல்ல பொருள்தான். அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் அதுவும் ஓர் இயங்குதள மாற்றமே. கன்ட்ரோல் விசைக்குப் பதில் கமாண்ட், சாளரத்தை மூடினாலும் மென்பொருள் மூடாது, கோப்பின் மேல் என்டர் தட்டினால் திறக்காமல் பெயர் மாற்றச் சொல்லும். விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் வடிவ வெளி டிஸ்க்கைப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. டாலி சிக்கல் அங்கேயும் உண்டு.

விளையாட்டுகள்?

2018-இல் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்ற இணக்க மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு, அதன் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் உள்ள ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. வேலரன்ட் என்ற விளையாட்டு ஓடாது. வீட்டுப் பையன் அதை ஆடுகிறவன் என்றால் அவனிடம் பேச்சே வேண்டாம்.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், பலருக்கு அதுவே சரி. தொடங்குவதற்கு முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அடுத்தது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி. புதிய லேப்டாப் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும்; மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைக்காமல் எதையும் தொடாதீர்கள். சாவி இல்லாமல் பூட்டிக்கொண்ட டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுத முடியாமல் போகலாம்.

முதல் வாரத்தில் ஒரு விசித்திரம் நடக்கும்: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பயப்பட வேண்டாம். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லி ஒரே கட்டளையில் சரிசெய்யலாம்.

அப்பா அம்மாவின் கணினியை நான் மாற்றிக் கொடுக்கலாமா?

அவர்கள் கேட்டால் செய்யுங்கள். யூடியூப், மின்னஞ்சல், மின்கட்டணம் என்று உலாவிக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு மாற்றம் அதிகம் தெரியாது. எனிடெஸ்க் லினக்ஸிலும் இருக்கிறது, தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, கேட்காமல் மாற்றிவிட்டு மறுநாள் ரயில் ஏறுவது கொடுமை. அப்படிச் செய்வதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது?

விண்டோஸிலேயே தொடங்குங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி ஆகியவற்றை நிறுவி இரண்டு மூன்று மாதம் அவற்றிலேயே வேலை செய்யுங்கள். இவை மூன்றும் லினக்ஸிலும் அப்படியே இருப்பவை. எந்தக் கோப்பு அடம்பிடிக்கிறது, எந்த வேலைக்குப் பழைய மென்பொருளையே தேடுகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அந்தத் தாள்தான் மாறலாமா வேண்டாமா என்பதற்கு நேர்மையான பதில்.

பிறகு ஒரு பென் டிரைவில் மின்டை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிக்கல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

மாறிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. விண்டோஸுக்குத் திரும்பினால் மறுபடி உரிமம் வாங்க வேண்டுமா?

விண்டோஸ் 10 அல்லது 11 உரிமத்தோடு வந்த கணினி என்றால் பெரும்பாலும் வேண்டியதில்லை. உரிமம் அந்தக் கணினியின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகச் செயல்படத் தொடங்கும். நிறுவும்போது சாவி கேட்டால் 'என்னிடம் சாவி இல்லை' என்பதை அழுத்தித் தாண்டிப் போகலாம். மதர்போர்டை மாற்றியிருந்தால் மட்டும் இது சிக்கலாகும்.